மூன்றடிக் குழாய்

மார்ச் 4

தம்பிக்கு,

நீ கொடுத்த போன் நம்பரில் மணி அடிக்கிறது, ஆள்தான் எடுப்பதில்லை. ஏழு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பேனாவை எடுத்தேன். போனை அடிக்க விட்டுவிடலாம், கடிதம் கைக்கு வந்தால் பிரித்துத்தானே ஆகவேண்டும். போன வருஷம் நீ போட்ட கார்டில் "ஆஸ்பத்திரி சலவைக்கூடம்" என்று மட்டும்தான் இருந்தது. அதை நம்பித்தான் இதைப் போடுகிறேன்.

நானும் உன் மருமகளும் நன்றாக இருக்கிறோம். அவள் என் உயரத்தைத் தாண்டிவிட்டாள். நீ பார்த்தபோது ஆறு வயது, இப்போது பதினேழு. நடையில் அப்படியே உன் ஜாடை, சொன்னால் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். நான் இன்னும் அதே ஃபாக்டரி டிஸ்பென்சரியில்தான். மாத்திரை எண்ணிக் கொடுக்கிறேன், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கண் டெஸ்ட் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இன்னும் இரண்டு வருஷம்தான், அப்புறம் ஓய்வு.

விஷயத்துக்கு வருகிறேன். ஃபாக்டரி மதில் ஞாபகம் இருக்கிறதா? கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நானூறு அடி, புழுதி ஏறி மங்கிப்போய், போஸ்டர் கிழித்த பசையோடு நிற்குமே, அதுதான். அதில் படம் வரையப் போகிறோம். வெளியிலிருந்து ஆள் கூப்பிடவில்லை. தெருக்காரர்கள் நாங்களே. ஸ்கூலுக்குப் புதிதாக ஒரு டிராயிங் டீச்சர் வந்திருக்கிறாள். சுவரைக் கண்டால் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்காமல் நகர மாட்டாள், அதனால் அவள் கோடு டீச்சர். அவள்தான் மேனேஜ்மென்டிடம் போய் நின்று அனுமதி வாங்கினாள். பூவும் புறாவும் வரையுங்கள் என்றார்களாம் அவர்கள். அவள் எங்களை உட்கார வைத்து, உங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது என்று கேட்டாள். கிரேன் ஆபரேட்டர் மனைவி சொன்னாள்: "புகைபோக்கி தெரியும், டேங்க் தெரியும், குழாய் தெரியும். புறா வந்தா காயப்போட்ட துணில எச்சம் போடும். எங்களுக்கும் அதுக்கும் அவ்வளவுதான் உறவு." அன்றைக்கே முடிவாகிவிட்டது, ஃபாக்டரியையே வரைவது என்று.

மதில் முழுக்க நெஞ்சு உயரத்தில் ஒரு குழாய் ஓடப்போகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் மூன்றடி. அந்த மூன்றடியில் அவரவர் வீட்டு ஆள் வேலைக்கு எடுத்துப்போன பொருள் ஒன்றைக் குழாய்மேல் உட்கார்ந்திருப்பதுபோல வரைய வேண்டும். பாய்லர்காரர் வீட்டில் ரேடியோ. கிரேன்காரர் மனைவி அவருடைய குஷனை வரைகிறாள், உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் விழுந்த குழியோடு சேர்த்து. நான் உன் மாமாவின் சாப்பாட்டு டப்பாவை வரையப்போகிறேன். நாலு கிளிப் இருந்தும் மேலே ஒரு கயிறும் கட்டிக்கொண்டு போவாரே, அந்த டப்பா. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன். கல்யாணமான புதிதில் இதற்காக அவரோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்.

டீச்சர் கண்டிப்புக்காரி. குழாய் என்றால் உள்ளே இருக்கிற நிஜக் குழாய் மாதிரியே இருக்க வேண்டுமாம். அதனதன் பட்டையும் போட்டாக வேண்டும். தண்ணீர் ஓடினால் பச்சை, கொதிக்கிற எண்ணெய் ஓடினால் பழுப்பு, காற்றுக்கு நீலம் என்று லிஸ்டே வாங்கி வைத்திருக்கிறாள். பட்டை வேலைக்கு உன்னைக் கூப்பிட மாட்டேன், பயப்படாதே. பச்சையும் பழுப்பும் உனக்கு ஒன்றுதான் என்பது அம்மா போனபிறகு நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. ஸ்கூலில் நீ இலைக்கெல்லாம் பழுப்பு அடித்துவிட்டு அடி வாங்கி வந்தபோது, உன் கிரேயானில் பிளேடால் வெட்டு போட்டுக் கொடுத்தேனே, பச்சைக்கு ஒரு வெட்டு, பழுப்புக்கு இரண்டு. அதற்கப்புறம் ஃபாக்டரி வேலைக்கான கண் டெஸ்டுக்காக, நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தின் எண்களை வரிசையாக எழுதி வந்து மனப்பாடம் செய்ய வைத்தேன். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, ஐந்து. நீ தூக்கத்தில்கூடச் சொல்வாய். வேலை கிடைத்த அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மதிலின் நடுவில் பெரிய டேங்க் ஒன்று வருகிறது. அதற்கு வெள்ளி பெயிண்ட். ஃபாக்டரியில் இருந்த காலமெல்லாம் டேங்குக்கு வெள்ளி அடித்தவன் நீ. ஒரு வாரம் வந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போ. உன் மாமா போய் ஒரு மாதம்கூட முடியவில்லை, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். கையில் ஆறு வயதுப் பிள்ளையோடு நான் நின்றேன். ஏன் போனாய் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இப்போதும் கேட்கப்போவதில்லை. வா, அது போதும்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே லீவு கிடைக்காது. ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்பு வருகிறது, ஆள் நாலு பேர். எல்லாமே வெள்ளை, அதனால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

வெள்ளி பெயிண்டைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொடி அடியில் போய் உட்கார்ந்துவிடும். பிரஷ்ஷை மேலிருந்து கீழே மட்டும் இழுக்கச் சொல், பக்கவாட்டில் இழுத்தால் தழும்பு தெரியும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். இவ்வளவுதான் அதில் வித்தை. நான் வந்து செய்ய ஒன்றும் இல்லை.

மருமகளைக் கேட்டதாகச் சொல். நான் அனுப்பிய ஸ்வெட்டர் சிறியதாகப் போயிருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. எனக்கு அவள் இன்னும் ஆறு வயதுதான்.

மாமாவின் மூன்றடிக்கு என்ன பட்டை போடுகிறார்கள்?

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

அத்தனை பக்கம் எழுதினேன், நீ பெயிண்ட் டப்பாவின் பின்னால் அச்சடித்திருப்பதைப் பார்த்து எழுதினாற்போல எழுதியிருக்கிறாய். போகட்டும். டீச்சர் நீ சொன்னபடியே செய்தாள், டேங்க் தகதகவென்று நிற்கிறது.

பட்டையைக் கேட்டாய் அல்லவா, பழுப்பு. அவரவர் ஆள் எந்த இடத்தில் வேலை செய்தாரோ அந்த இடத்துக் குழாய்தான் அவரவர் மூன்றடி. உன் மாமாவுக்கும் வெல்டருக்கும் பம்ப் ஹவுஸ். அதனால் எங்கள் மூன்றடியும் வெல்டர் வீட்டு மூன்றடியும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டது. விபத்து நடந்த அன்றைக்கு அவர்கள் இருவரும் நின்ற அதே குழாய். டீச்சர் வெளியூர்க்காரி, அவளுக்கு இது தெரியாது.

போன ஞாயிறு டப்பாவை சாக்பீஸால் வரைந்துவிட்டு, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் வெல்டர் மனைவி ஈரத்துணியால் என் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் பார்க்க நிதானமாக, வீட்டில் மேடை துடைப்பாளே அதுபோல. பதினொரு வருஷத்தில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு இது: "உன் வீட்டுக்காரர் அவசரத்துல கழட்டின குழாய் இது. என் வீட்டுக்காரர் அவர் பக்கத்துல நின்னது ஒரு தடவை போதும்."

அவள்மேல் என்ன தப்பு? விசாரணை ரிப்போர்ட்டை நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்திருந்தார்கள், எல்லோரும்தான் படித்தார்கள். "ஃபிட்டர் குழாயிலிருந்த பழுப்புப் பட்டையைக் கவனிக்காமல், தண்ணீர்க் குழாய் என்று எண்ணி அவசரமாகத் திறந்ததே விபத்துக்குக் காரணம்." அந்த வரி எனக்குப் பாராமல் ஒப்பிக்க வரும். கொதிக்கிற எண்ணெய் கொட்டி வெல்டர் அந்த இடத்திலேயே போய்விட்டார். இவர் இரண்டு நாள் கிடந்துவிட்டுப் போனார். மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள்கூட என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். உன் மருமகளிடம் ஸ்கூலில் ஒருத்தி கேட்டிருக்கிறாள், உங்கப்பாதானே ரெண்டு பேரையும் கொன்னது என்று. அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் நோட்டில் எழுதி அடித்திருந்ததைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன்.

டீச்சர் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். இந்த மாதக் கடைசி ஞாயிறு எல்லா வீட்டாரும் கூடி முடிவு செய்யட்டும் என்றிருக்கிறாள், எங்கள் மூன்றடி சுவரில் இருக்கலாமா கூடாதா என்று. எடுத்துவிட்டால் வெல்டர் வீட்டுக் குழாயும் பாய்லர்காரர் வீட்டுக் குழாயும் சேர்ந்துகொள்ளும், நடுவில் ஒருவர் இருந்த தடம்கூடத் தெரியாது. நானூறு அடிச் சுவரில் அவருக்கு மூன்றடி கிடைக்காதா? அவ்வளவுதான் நான் கேட்பது.

நீ அவரோடு அதே கேட்டுக்குள் வேலை செய்தவன். அவர் அவசரக்காரரா? உனக்குத் தெரிந்ததை எழுது. கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன். உன்னிடம் இதுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

மாமா கவனமானவர். அவரோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பழையதைக் கிளற வேண்டாம் அக்கா. அந்த மூன்றடியை விட்டுக்கொடுத்துவிடு. சுவரில் இருந்தால்தான் மாமாவா? மழையில் இரண்டு வருஷத்தில் போய்விடப்போகிற பெயிண்டுக்காக அந்தம்மாவோடு மல்லுக்கு நிற்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 18

விட்டுக்கொடுக்கச் சொல்கிறாய். பதினொரு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தண்ணீர் லாரி வரும்போது மற்றவர்கள் பிடித்தபிறகு பிடிக்கிறேன். பஸ்ஸில் வெல்டர் மனைவி ஏறினால் நான் இறங்கி அடுத்த பஸ்ஸில் போகிறேன். விட்டுக்கொடுக்க இனி என்னிடம் என்ன இருக்கிறது?

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேன், பட்டும் படாமலும் ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறாய். யாரோ முன்பின் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கிற நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அவர். உனக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் நடந்து போனார். அவருக்காக உன்னால் ஒரு பக்கம் எழுத முடியவில்லை என்றால், இனி எனக்கு எழுத வேண்டாம். ஸ்வெட்டரும் அனுப்ப வேண்டாம்.


ஏப்ரல் 23

அக்கா,

ஞாயிறுக்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். உட்கார்ந்து படி. மருமகள் பக்கத்தில் இருந்தால் அப்புறம் படி.

மாமா பட்டையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் திறந்தார். அன்றைக்கு அந்தக் குழாயில் இருந்தது பச்சைப் பட்டை. அதைப் பூசியவன் நான்.

நான் அங்கே இருந்த காலமெல்லாம் வெள்ளி மட்டும்தான் பூசினேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். முதல் நாலு வருஷம் அப்படித்தான். பிறகு பட்டை பூசுகிறவருக்கு முதுகு போய்விட்டது. சூப்பர்வைசர் என்னை அந்த இடத்துக்கு மாற்றினார். எனக்கு நிறம் தெரியாது என்று சொன்னால், கண் டெஸ்டில் எப்படிப் பாஸ் செய்தாய் என்று கேட்பார்கள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. சொல்லாமல் இருந்ததற்கு இது ஒரு காரணம். கூச்சமும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய், அதனால் உன்னிடமும் சொல்லவில்லை.

டின்னின் மூடியில் பெயர் எழுதியிருக்கும், அதைப் பார்த்துப் பூசினேன். திறந்த டின் கைப்பிடியில் ஆக்சா பிளேடால் வெட்டு போட்டுக்கொள்வேன், பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு இரண்டு. நீ கற்றுக்கொடுத்தது. இரண்டு வருஷம் ஒரு தப்பும் வரவில்லை. அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

அந்த வருஷம் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு செய்த வாரம், எல்லாக் குழாய்க்கும் புதுப் பட்டை. அவசரம். ஸ்டோரில் மிச்சம் மீதியெல்லாம் பழைய டின்களில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு டின், மூடியும் இல்லை, பெயரும் இல்லை. வெயிலில் வைத்துப் பார்த்தேன். குச்சியில் தொட்டுத் தகட்டில் தேய்த்துப் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒரே சேறு. பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். இது என்ன கலர் என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். பெயிண்டர் போய் அதைக் கேட்டால் சிரிப்பார்களே என்று கேட்கவில்லை அக்கா. நானாக இதுதான் பழுப்பு என்று முடிவு செய்து பூசினேன். வேறு காரணம் இல்லை.

பம்ப் ஹவுஸில் தண்ணீர்க் குழாயும் எண்ணெய்க் குழாயும் அருகருகே ஓடும். இரண்டுக்கும் மேலே தகட்டு உறை, தொட்டாலும் சூடு தெரியாது. ஆலை மறுபடி ஓடத் தொடங்கியபின் மாமா தண்ணீர்க் குழாயைக் கழற்றப் போய், அதன் வால்வை மூடினார், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், அவர் வழக்கம்தான். பிறகு பச்சைப் பட்டை பார்த்து போல்ட்டைக் கழற்றினார். கொஞ்சம் தள்ளி நின்றிருந்த ஹெல்பர் இதை என்னிடம் சொன்னார். அவரும் மறு மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

விபத்து நடந்த அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் ஒரு டின்னோடு வந்தார். "இது பழுப்பு. நானே பார்த்து எடுத்துட்டு வந்திருக்கேன். போய்ப் பூசு. காலைல விசாரணைக்கு வர்றாங்க. நீ பூசலைன்னா நீயும் உள்ள போவ, உன்னைப் பாஸ் பண்ணி விட்டவங்களும் உள்ள போவாங்க" என்றார். அவர் எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது. நான் பூசினேன். நீ ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் அது. நான் வந்தபோது கையில் பெயிண்ட் இருந்தது, துடைத்துக்கொள்ளச் சொல்லி நீ உன் முந்தானையைக் கொடுத்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் நாள் நீ மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாய். மாமா கண்ணைத் திறந்தார். "பச்சைதானேடா இருந்துச்சு?" என்று கேட்டார். நான், "தெரியல மாமா" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நிறம் தெரியாது, அதனால் நான் சொன்னது பொய் இல்லை என்று பதினொரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய்தான் அக்கா.

இதைக் கூட்டத்தில் வாசி. உன் பங்கு வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு வாசி. கண் டெஸ்ட் புத்தகத்தை நானே திருட்டுத்தனமாகப் பார்த்துவைத்தேன் என்று சொல்லிவிடு.

தம்பி


மே 20

அக்கா,

ஒரு மாதமாகப் போகிறது. கடிதம் கிடைத்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். திட்டியாவது ஒரு கார்டு போடு. மருமகளை விட்டு எழுதச் சொன்னாலும் சரி. மணி அடித்தால் இப்போது போனை எடுக்கிறேன், ஆனால் உன்னுடையதாக இல்லை.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

கடிதம் சனிக்கிழமையே கிடைத்தது. நீ உட்கார்ந்து படிக்கச் சொன்னாய், நான் நின்றபடியேதான் படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பதே தெரிந்தது.

இது உன்னை மன்னித்து எழுதுகிற கடிதம் இல்லை. உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்து, தம்பிக்கு என்று போட்டதுமே தாளை மடித்து வைத்துவிடுவேன், அதுதான் இத்தனை நாள். என் முந்தானையில் நீ துடைத்த பெயிண்ட் எனக்கு ஞாபகம் இருக்கிறது. துவைத்தும் போகவில்லை. பிள்ளை ராத்திரி பகலாக வேலை செய்துவிட்டு ஓடி வந்திருக்கிறானே என்று உனக்காக அன்றைக்கு நான் இரக்கப்பட்டேன்.

ஆனால் உன்னைத் திட்ட வாயைத் திறக்கும்போதெல்லாம் பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது என்றுதான் வருகிறது. அந்த எண்களை உன் வாயில் போட்டவள் நான். பாவம், தம்பிக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்றுதான் செய்தேன். வெள்ளி மட்டும் பூசுவாய், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட உன்னை என்ன வேலைக்கு விட்டிருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. கேட்டிருக்கலாம். அவரிடம் சொல்லியிருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பார். நம் இருவருக்குள் இருக்கட்டும் என்று கட்டிய புருஷனிடமும் மறைத்தேன்.

ஞாயிறு கூட்டத்துக்குப் போனேன். நீ விட்டுவிடச் சொன்ன இடத்தை நான் விடவில்லை. முதலில் என் பங்கைச் சொன்னேன், அப்புறம்தான் உன் கடிதத்தை வாசித்தேன். "பச்சைதானேடா இருந்துச்சு" என்ற இடத்தில் நான் தாளைத் தாழ்த்திவிட்டேன், உன் மருமகள் வாங்கி மீதியை வாசித்தாள். நடுங்காமல் வாசித்தாள். முடித்ததும் வெல்டர் மனைவி எழுந்து ஒருவர் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள். கிரேன்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "இத்தனை வருஷமா அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசிட்டோமே" என்றார்.

கடிதத்தின் நகலை யூனியனில் வாங்கிக்கொண்டார்கள். விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லி எழுதப்போகிறார்களாம். திறந்தால் முதலில் உன் பெயரும் என் பெயரும்தான் வரும். வரட்டும் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன், அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், தேடுகிறார்கள். டிஸ்பென்சரிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷம் இடுப்பில் இருந்த சாவி. பழக்க தோஷம், இப்போதும் கதவைத் தாண்டும்போது கை இடுப்புக்குப் போகிறது.

அவர் கடைசியாக என்ன கேட்டார் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. நான் மேலே வரும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார், அப்புறம் பேசவே இல்லை. என்மேல் கோபமோ, ஏதாவது சொல்லாமல் விட்டேனோ என்றெல்லாம் நினைத்து நினைத்து மருகியிருக்கிறேன். தான் சரியாகத்தான் பார்த்தோமா என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு போயிருக்கிறார் அந்த மனுஷன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவர். ஆமாம் மாமா என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். மற்றதையெல்லாம் என்றைக்காவது நான் உனக்கு விட்டுக்கொடுப்பேனோ என்னவோ. இதை எப்படி விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சுவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் மூன்றடியை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. போன வாரம் காலையில் போய் டப்பாவையும் கயிற்றையும் வரைந்து முடித்தேன். பட்டை மட்டும் பாக்கி. டீச்சர் லிஸ்டைப் பார்த்துப் பழுப்பு டின்னைத் திறந்து கொடுத்தாள். பிரஷ்ஷைத் தோய்த்துவிட்டேன். அப்போது பின்னால் வெல்டர் மனைவி வந்து நின்றாள். அவள் கையில் வெறும் பிரஷ் இருந்தது.

"அன்னைக்கு அவங்க ரெண்டு பேரும் பார்த்தது என்ன கலர்?" என்று கேட்டாள்.

"பச்சை" என்றேன்.

"அப்ப பச்சையே பூசு. பழுப்பு பூசினா அந்த ஆளு டின்னைத் தூக்கிட்டு வந்து பூசச் சொன்ன மாதிரியே ஆயிடும்."

டீச்சர் லிஸ்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், போய்ப் பச்சை டின்னைக் கொண்டுவந்தாள். நான் என் மூன்றடியிலும் அவள் தன் மூன்றடியிலும் பூசினோம். அவள் வெல்டர் முகமூடி வரைந்திருக்கிறாள், கண்ணாடிக்குள் ஒரு பொறியோடு. பூசும்போது அவள் தோள் என் தோளில் இடித்தது, இருவரும் நகரவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் மட்டும் நான் இறங்குவதில்லை.

நானூறு அடியில் எல்லாப் பட்டையும் சரியாக இருக்கிறது, இந்த ஆறடியைத் தவிர. ஃபாக்டரிக்குள் வேலை செய்கிற யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் இது ஏன் பச்சை என்று கேட்கிறார்கள். தெருவில் யாராவது நின்று சொல்கிறார்கள். அவர் தப்பில்லை என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது அந்த ரோட்டில் யாரோ சொல்கிறார்கள் தம்பி.

உன்னை வராதே என்று சொல்லவில்லை. வா என்று கூப்பிட இன்னும் எனக்கு மனசு வரவில்லை. ஆனால் என்றைக்காவது நீ அந்த ரோட்டில் வந்து நின்றால், உனக்கு அந்தப் பட்டை என்ன நிறமென்று தெரியாது. பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்கவும் மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் பெயிண்ட் காய்ந்தபிறகு, பட்டையின் ஓரத்தில், உன் கை எட்டுகிற உயரத்தில், உளியை வைத்து ஒரு வெட்டு போட்டிருக்கிறேன். விரலை வைத்தால் தெரியும். ஒரே வெட்டுதான்.

அக்கா